தாள் காயும் நேரம்

அவைக்கு வணக்கம்.

பேசத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இதோ, இந்தத் தட்டில் ஐந்து நிமிடமாக ஊறிக்கொண்டிருப்பது 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள். முழுத் தாளை நான்காகக் கிழித்ததில் ஒரு துண்டு. 28 சென்டிமீட்டருக்கு 38. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி, தண்ணீர் வடியவிட்டு, இந்த அக்ரிலிக் பலகைமேல் படுக்கவைக்கிறேன். அடியில் காற்றுக்குமிழ் நின்றால் அந்த இடம் மட்டும் முன்னதாகக் காய்ந்து திட்டாகிவிடும். அதனால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஈரப் பஞ்சால் தள்ளிவிட வேண்டும். ஆயிற்று. பலகை தண்ணீரை உறிஞ்சாது. தாள் இனி மேல்பக்கமாக மட்டுமே காயும். மரப்பலகையாக இருந்தால் அடிப்பக்கமும் இழுத்துக்கொள்ளும், பாதி நேரம் போய்விடும். இது இப்படியே இருக்கட்டும். இடையிடையே பேச்சை நிறுத்திவிட்டு இதைப் போய்ப் பார்ப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயற்கையை வாழ்நாள் முழுவதும் வரைகிற காதல் என்பது இன்றைய தலைப்பு. காதலைப் பற்றி மேடையில் பேசுவது சுலபம். மலை, அருவி, அந்தி என்று அடுக்கினால் ஐந்து நிமிடத்தில் கைதட்டல் வந்துவிடும். ஆனால் மலையைப் பார்த்துச் சொக்கிப்போகிறவர்கள் எல்லோரும் நாற்பது வருடம் வரைவதில்லை. பலர் மூன்றாவது மாதத்திலேயே பிரஷைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். ஆசையாகத் தொடங்கிய மரம் பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு மாதிரி வந்து நிற்கிறதே, அன்றைக்கு. தொடர்கிறவர்களுக்கு இயற்கைமேல் கூடுதல் அன்பு என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு எப்போது கையை வைப்பது, எப்போது எடுப்பது என்று தெரிந்திருக்கிறது. தாளுக்கு ஒரு நேரம், வெளிச்சத்துக்கு ஒரு நேரம், செடிக்கு ஒரு நேரம், நிறத்துக்கு ஒரு நேரம். கடைசியாகக் கண்ணுக்கும் ஒரு நேரம். இன்றைய பேச்சு அவற்றைப் பற்றித்தான்.

தாளிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது நமக்காகக் காத்திருக்காது.

நீர்வண்ணத்தில் ஈரம் ஒன்றுதான் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள்: ஒன்று நனைந்திருக்கிறது, இல்லையென்றால் காய்ந்திருக்கிறது. உண்மையில் ஐந்து நிலைகள் உண்டு. முதலில் தாள்மேல் தண்ணீர் குளமாக நிற்கும். பலகையைச் சாய்த்தால் ஓடும். அப்போது நிறம் வைத்தால் அது மிதந்துபோய் ஓரத்தில் ஒதுங்கும். அடுத்து பளபளப்பு: குளம் இல்லை, ஆனால் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் கண்ணாடி போல வெளிச்சம் அடிக்கும். வானமும் மூடுபனியும் இந்த நேரத்துக்கு உரியவை. வைத்த நிறம் தானாகப் பரவி, விளிம்பே இல்லாமல் கரையும். மூன்றாவது, பளபளப்பு மங்கிப் பட்டுத்துணி மாதிரி மினுக்கம் மட்டும் நிற்கும் நிலை. தூரத்து மரங்களுக்கு இதுதான் சமயம். விளிம்பு மென்மையாக இருக்கும், ஆனால் உருவம் கலையாது. நான்காவதில் மினுக்கமும் போய்விடும். கண்ணுக்குக் காய்ந்தது போலவே தெரியும், ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்றிருக்கும். ஐந்தாவது, உண்மையாகக் காய்ந்தது. புறங்கைக்கு அறையின் வெப்பமே தெரியும்.

கெட்டுப்போகிற ஓவியங்களில் பெரும்பகுதி நான்காம் நிலையில்தான் கெடுகின்றன. காய்ந்துவிட்டதென்று நம்பி மேலே ஒரு பூச்சு கொடுப்போம். அடிப்பூச்சில் இருக்கும் நிறமி இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. பிரஷ் அதைக் கிளப்பி மேல்நிறத்தோடு குழப்பும். சேறு பிறப்பது அங்கேதான். நிறங்களைத் தவறாகக் கலந்ததால் சேறானது என்று நிறம் கலக்கும் தட்டான பேலட்டைத் திட்டுகிறார்கள். பாதி நேரம் பேலட்மேல் குற்றமே இல்லை.

மூன்றாம் நிலையிலும் ஒரு பொறி உண்டு. தாளில் இருக்கும் ஈரத்தைவிடப் பிரஷில் தண்ணீர் அதிகமாக இருந்தால், அந்தத் தண்ணீர் ஏற்கெனவே இருந்த நிறமியைத் தள்ளிக்கொண்டே போய், பல் பல்லாக ஓரம் கட்டி நிறுத்திவிடும். ஓவியர்கள் இதற்குக் காலிஃபிளவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் வேறு பெயர் தோன்றாது. விதி ஒரே வரிதான்: தாள் காயக் காய, பிரஷும் காய வேண்டும். இரண்டாம் பூச்சுக்குப் போகும்போது நிறம் கூடுதலாக, தண்ணீர் குறைவாக, பிரஷின் அடிவயிற்றை ஒருமுறை பஞ்சுத் துணியில் ஒற்றிவிட்டுத் தொட வேண்டும். அந்த ஒற்றலை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

ஒரு நிமிடம். தாள் இப்போது பளபளப்பில் இருக்கிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்தால் மேலே இருக்கும் விளக்கு அதில் தெரியும். அல்ட்ராமரின் நீலத்தோடு கொஞ்சம் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்த சாம்பல் நிறம் இது. மேலே ஒரு பட்டை, கீழே மெலிந்த இன்னொன்று. பலகையை இப்படிச் சாய்க்கிறேன். மழை மேகம் தானாக இறங்குகிறது. இனி கை வைக்கக் கூடாது. திருத்த வேண்டும் என்று விரல் துடிக்கும் இந்த ஒரு நிமிடத்தில் பிரஷைக் கீழே வைத்துவிடுவது, பத்துப் புது நுணுக்கங்களைக் கற்றுக்கொள்வதைவிடப் பயன் தரும்.

தாளைப் பற்றி இன்னும் இரண்டு சொல்லிவிட்டு நகர்கிறேன். 190 ஜிஎஸ்எம் தாள் ஈரம் பட்டால் அலையலையாக எழும். பள்ளத்தில் நிறம் தேங்கும். அதில் வரைய வேண்டுமென்றால் நனைத்து, பசைத்தாள் நாடாவால் நான்கு பக்கமும் பலகையில் ஒட்டி, படுக்கை வாக்கில் காயவைத்து இழுத்துக்கொள்ள வேண்டும். சாய்த்துக் காயவைத்தால் அடியோரம் மட்டும் ஈரம் தங்கி நாடா விட்டுப்போகும். இன்னொன்று: வருடக்கணக்கில் ஈரப்பதமான அலமாரியில் கிடந்த தாளில், தண்ணீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் பசைப்பூச்சு செத்துவிடும். நிறம் வைத்த மாத்திரத்தில் ஒற்றுத்தாளில் மை மாதிரி உள்ளே இறங்கி, புள்ளி புள்ளியாகக் கருக்கும். அதைக் காப்பாற்ற வழியில்லை, பென்சிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பச்சை. இயற்கையை வரைகிறவருக்கு உயிர்ப் பிரச்சினை இதுதான்.

நம் மொழியில் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று பிரித்துச் சொல்கிறோம். பச்சையே இல்லாத இளந்தளிருக்கு மாந்தளிர் நிறம் என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம். இவ்வளவு பார்த்த கண், பெட்டியைத் திறந்ததும் ஒரே பச்சை ட்யூபைப் பிதுக்குகிறது. ட்யூப் பச்சையில் தவறு என்னவென்றால், அது எல்லா இலைக்கும் ஒரே விடை சொல்லும். ஓர் இலையை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மேற்பரப்பு வானத்தைப் பார்த்திருக்கும் இடத்தில் பச்சையே தெரியாது. வெளிறிய நீலச் சாம்பல்தான் தெரியும், வானத்தின் எதிரொளி அது. இலையைத் திருப்பிச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி மஞ்சள் பொங்கும். ஒரு மரத்திலேயே மிகக் கூர்மையான நிறம் இந்தப் பின்வெளிச்ச இலைகளில்தான் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நாம் இலைப்பச்சை என்று சொல்கிற நிறம். நிழலுக்குள் இருக்கும் இலை நான்காவது. ஒரு கிளையில் இந்த நான்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நான்கையும் ஒரே பச்சையில் கருமை கூட்டிக் குறைத்து வரைந்தால்தான் பெயிண்ட் அடித்த கதவு வருகிறது.

கலக்குவதற்கு எளிய வழி: இரண்டு நீலம், இரண்டு மஞ்சள். அல்ட்ராமரின் கொஞ்சம் ஊதா சாய்ந்த நீலம்; எந்த மஞ்சளோடு சேர்ந்தாலும் அடங்கிய, ஆலிவ் பக்கம் போகும் பச்சை தரும். தாலோ நீலம் பச்சை சாய்ந்தது. எலுமிச்சை மஞ்சளோடு சேர்த்தால் பளிச்சென்று பின்வெளிச்ச இலை வரும். ஆனால் தாலோவின் வீரியம் பயங்கரமானது. பத்துப் பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கில் தொடங்குங்கள். எப்போதும் மஞ்சளுக்குள் நீலத்தை விடுங்கள், நீலத்துக்குள் மஞ்சளை விடாதீர்கள். பின்னதைச் செய்தால் ட்யூபில் பாதி மஞ்சள் காலியான பிறகும் நீலம் நீலமாகவே நிற்கும். ஆழமான நிழல் பச்சைக்குக் கறுப்பைத் தொட வேண்டாம். தாலோ பச்சையோடு குவினாக்ரிடோன் ரோஸ் போன்ற குளிர்ந்த சிவப்பைச் சேர்த்தால் கிட்டத்தட்ட கறுப்பு வரும், ஆனால் உயிரோடு இருக்கும். கண்ணுக்கு உறுத்துகிற எந்தப் பச்சையையும் ஒரு சிட்டிகை பர்ன்ட் சியென்னா அடக்கிவிடும். ஒரு கலவையில் மூன்று நிறமிக்கு மேல் போகாதீர்கள்.

தூரம் என்பதும் பச்சையில்தான் தெரிகிறது. காற்று முதலில் தின்பது மஞ்சளை. முன்னால் நிற்கும் மரம் மஞ்சள்பச்சை, அதற்குப் பின்னால் நீலப்பச்சை, குன்றின்மேல் இருப்பது நீலச்சாம்பல். கூடவே நிழல்கள் வெளுத்துக்கொண்டே போகும். தொலைவில் இருக்கும் காட்டை முன்மரத்தின் நிழல் அளவுக்குக் கருமையாக வைத்தால், அந்தக் காடு எழுந்து வந்து முன்னால் நின்றுவிடும்.

ஓர் இலையைக் கிட்டத்தில் எடுத்துப் பார்ப்போம். பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஏதோவோர் இலை. பென்சிலில் முதலில் நடுநரம்பு, வெளிக்கோடு பிறகு. இலை வளைவதும் திரும்புவதும் நடுநரம்பை ஒட்டித்தான், அதனால் அது தப்பினால் வெளிக்கோடு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் இலை தட்டையாகவே கிடக்கும். பக்க நரம்புகள் நடுநரம்போடு எந்தக் கோணத்தில் சேர்கின்றன, எதிரெதிரே சேர்கின்றனவா மாறி மாறியா என்று எண்ணிக்கொள்ளுங்கள். இலைக்கு இலை எண்ணிக்கை மாறலாம். சேரும் முறை அந்தச் செடியின் அடையாளம்.

பிறகு நடுநரம்புக்கு ஒரு பக்கப் பாதியை மட்டும் சுத்தமான தண்ணீரால் நனைக்க வேண்டும். நரம்பை ஒட்டி அரை மில்லிமீட்டர் உலர்ந்த கோடாக விட்டுவிடுங்கள். நிறம் அதைத் தாண்டாது, வெளிர் நரம்பு இலவசமாகக் கிடைக்கும். தாள் பளபளப்பில் இருக்கும்போது வெளிர் மஞ்சள்பச்சை. அது ஈரமாக இருக்கும்போதே, வானம் விழும் மேட்டில் ஒரு சொட்டு நீலம். ஓரத்தில் வாடத் தொடங்கிய இடம் இருந்தால் அங்கே சியென்னா. காயவிட்டு மறுபாதி. இரண்டும் புறங்கைக்குச் சில்லிடாத பிறகு இரண்டாம் பூச்சு: ஒவ்வொரு பக்க நரம்பையும் ஒட்டி ஒரு பக்கம் மட்டும் அடர்த்தியாக வைத்து, ஈரப் பிரஷால் மறுபுறம் இழுத்து மங்கவைக்க வேண்டும். பல இலைகளில் மேற்பரப்பு நரம்பு ஒரு பள்ளம். அதைக் கோடாக எழுதினால் இலைமேல் கம்பி ஒட்டியது போலிருக்கும். பக்கத்து நிழலாக எழுதினால் உள்ளே இறங்கும். புழு தின்ற துளை இருந்தால் விட்டுவிடாதீர்கள். அதன் விளிம்பில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று ஓடும், துளைக்குள் பின்னணியின் நிறம் தெரியும். குற்றமில்லாத இலை பிளாஸ்டிக் இலை மாதிரி இருப்பதற்குக் காரணம் அந்த வளையம் இல்லாததுதான்.

இப்படிக் குனிந்து பார்ப்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1503இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் ஒரு பிடி புல்தரையை நீர்வண்ணத்தில் வரைந்தார். புல், பிளான்டெய்ன் என்ற அகன்ற இலைப் பூண்டு, கூம்பிய டேண்டலைன் மொட்டுகள். ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயரத் தாள்; பார்வை தரையோடு தரையாக இருக்கிறது. மலையும் இல்லை, அருவியும் இல்லை. வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும் அதை அடிக்கடி வெளியே வைப்பதில்லை. ஏன் என்பதற்கு நிறமியைப் பேசும்போது வருகிறேன்.

தாளைப் பார்ப்போம். பளபளப்பு போய்விட்டது, மினுக்கம்கூட ஓரங்களில் இல்லை. வேண்டுமென்றே ஒரு தப்பு செய்கிறேன்: வலது மேல்மூலையில் சுத்தத் தண்ணீர் ஒரு சொட்டு. இப்போது ஒன்றும் தெரியாது. இருக்கட்டும்.

வெளிச்சத்தின் நேரத்துக்கு வருவோம். சூரியன் வானத்தில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஒரு மரநிழல் இரண்டு மணி நேரத்தில் வேறு நிழல். வெளியில் உட்கார்ந்து வரைகிறவர் செய்யும் பொதுத் தவறு, நிழலைத் துரத்துவது. பத்து மணிக்கு இடப்பக்கச் செடியின் நிழலை வைப்பார், பதினொன்றரைக்கு வலப்பக்கத்துப் பாறையின் நிழலை வைப்பார். ஒரே படத்தில் இரண்டு சூரியன். இதற்கு வழி எளிது. உட்கார்ந்த உடன் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னக் கட்டம். அதில் வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு என்று மூன்றே படியில் பென்சிலால் ஐந்து நிமிடம். நிழல் அதில் பூட்டியாயிற்று. அதன்பிறகு கண்ணெதிரே நிழல் எங்கே போனாலும் கட்டத்தைத்தான் நம்ப வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனதும் எழுந்துவிடுங்கள். முடியாவிட்டால் மறுநாள் அதே நேரம்.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91இல் வைக்கோற்போர்களை வரைந்தபோது பல கித்தான்களை அருகில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற அடுத்ததற்குத் தாவினார். விசித்திரம் என்று சொல்வார்கள். வேறு வழியில்லாத ஒருவரின் வேலைமுறை அது. ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் மேகங்கள் மட்டுமே உள்ள பல படங்களை வரைந்தார். பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து என்று குறித்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை இன்றே எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருடம் கழித்து ஏன் இந்த நிழல் நீலமாக இருக்கிறது என்று நீங்களே கேட்டுக்கொள்ளும்போது தாளின் முதுகு பதில் சொல்லும்.

வெயிலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: நேர் வெயில் தாள்மேல் விழ விடாதீர்கள். வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும், நிறமெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். ஈடுகட்ட நீங்கள் கருமை கூட்டிக்கொண்டே போவீர்கள். வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இரவுக் காட்சியாக இருக்கும். நீர்வண்ணம் காய்ந்தால் ஒரு படி வெளுக்கும், அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மரம் வரைகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு மட்டும். கிளை பிரியும் இடத்தில்தான் குறிப்பிடும்படி மெலிகிறது. இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் ஏறக்குறைய ஒரே பருமன். லியோனார்டோ இதைக் கவனித்து, எந்த உயரத்தில் எல்லாக் கிளைகளின் பருமனையும் கூட்டினாலும் அடிமரத்துக்குச் சமம் என்று எழுதிவைத்தார். கிளையை முள்ளங்கி மாதிரி கூராக்கிக்கொண்டே போவது நம் கையின் சோம்பல். இரண்டாவது, இலைகளுக்கு இடையே தெரியும் வானத்துண்டுகள். அவற்றைத் திறந்த வானத்தின் நிறத்திலேயே விட்டால் மரத்தில் வெள்ளைக் காகிதத் துண்டுகள் ஒட்டியது போலிருக்கும். சுற்றிலும் இருக்கும் இலை வெளிச்சத்தைத் தடுப்பதால் அந்தத் துண்டுகளை ஒரு படி கருமையாக வைக்க வேண்டும். துண்டு சிறுக்கச் சிறுக்க இன்னும் கருமை.

நீர்நிலையில் எதிரொளிக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. கரையிலிருக்கும் வெளிச்சமானது தண்ணீரில் சற்றுக் கருக்கும், கருமையானது சற்று வெளுக்கும். எதிரொளி எப்போதும் நம்மை நோக்கிச் செங்குத்தாக இறங்கும். நிழல் சூரியனைப் பொறுத்துச் சாயும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து எதிரொளியைச் சாய்த்து வரைந்தால் ஏரி கவிழ்ந்த தட்டாகும்.

செடியின் நேரம் இன்னும் கறாரானது. பறித்த பூவை வரைய உட்கார்ந்தால் வரிசை இதுதான்: முதலில் பூ, அடுத்து இலை, கடைசியாகத் தண்டு. வாடும் வரிசையே வரையும் வரிசை. பறித்த முதல் அரைமணியில் ஓவியத்தைத் தொடங்கவே வேண்டாம். ஒரு துண்டுத் தாளில் இதழின் நிறத்தைக் கலந்து, இதழையே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்த ட்யூப் எத்தனை பங்கு என்று எழுதிவையுங்கள். உருவத்தைப் புகைப்படம் காப்பாற்றும்; நிறத்தைக் காப்பாற்றாது. ஊதாப் பூக்கள் சில கேமராவில் அப்பட்டமான நீலமாக வந்து நிற்கும். இரவு செடியை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் பெரும்பாலான பூக்கள் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். மேசை விளக்கைக் கிட்டே வைத்தால் வெப்பத்தில் மொட்டு உங்கள் கண்ணெதிரே விரியும். பார்க்க அழகுதான், ஆனால் வரைந்த மொட்டை அழிக்க வேண்டிவரும்.

பூச்சிகளையும் செடிகளையும் வரைந்த மரியா சிபில்லா மெரியான் 1699இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவின் சுரிநாமுக்குக் கப்பலேறினார். ஒரு செடியையும், அதைத் தின்னும் புழுவையும், கூட்டுப்புழுவையும், வெளிவரும் பட்டாம்பூச்சியையும் ஒரே தாளில் வைத்தார். ஒரே பார்வையில் ஒருவராலும் காண முடியாத காட்சி அது. வாரக்கணக்கில் காத்திருந்தவரின் தாளில் மட்டுமே சேரும்.

இனி நிறமியின் நேரம். இது வருடங்களில் ஓடுகிற கடிகாரம், அதனால் அநேகமாக யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1887இல் வரைந்த ஒரு நீர்வண்ணத்தில் வயலுக்குமேல் வானம் வெறுமையாக, வெள்ளையாக இருக்கிறது. சிகாகோவில் இருக்கும் அந்தப் படத்தை ஆய்ந்து பார்த்தபோதுதான் அங்கே சிவப்பும் ஆரஞ்சுமாக ஓர் அந்தி இருந்தது தெரியவந்தது. ஒளியில் நிற்காத நிறமிகள், வானமே ஆவியாகிவிட்டது. வான்கோ 1890இல் வரைந்த ரோஜாக்கள் இன்று வெள்ளையாக இருக்கின்றன. அவை இளஞ்சிவப்பாகப் பிறந்தவை. வரைந்தவரின் காதலில் குறையில்லை, ட்யூபில் குறை. 1888லேயே இங்கிலாந்தில் ரஸல், ஆப்னி என்ற இருவர் நீர்வண்ணங்களின்மேல் ஒளி செய்யும் வேலையைச் சோதித்து அறிக்கை கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஒளியில் நிற்காத நிறங்கள் இன்றும் அழகான பெயர்களோடு விற்பனையில் இருக்கின்றன.

ஆகவே ட்யூபின் முன்பக்கப் பெயரைப் படிக்காதீர்கள், பின்பக்கக் குறியீட்டைப் படியுங்கள். அல்ட்ராமரின் என்றால் பிபி29. தாலோ பச்சை என்றால் பிஜி7. பிஆர்83 என்று இருந்தால் அது பழைய அலிஸரின் கிரிம்ஸன் சிவப்பு. மெல்லிய பூச்சில் வெளுத்துப்போகும். அதற்குப் பதில் பிவி19 வாங்கலாம். என்ஆர்9 என்ற ரோஸ் மேடரும் நிற்காது. கண்ணைப் பறிக்கும் ஒளிர் இளஞ்சிவப்புகளில் ஃபுளோரஸன்ட் சாயம் இருக்கும். பூ வரைகிறவர்களுக்குப் பெரிய சபலம் அது, முதலில் ஓடிப்போவதும் அதுதான். ஒளியில் நிற்கும் தன்மைக்கான ஏஎஸ்டிஎம் தர வரிசையில் 1, 2 என்று இருப்பவை போதும்.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே சோதிக்கலாம். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு தாளில் பட்டையாக, ஒரு முனை அடர்த்தி மறுமுனை மெல்லியது என்று பூசுங்கள். நீளவாக்கில் பாதியை அலுமினியத் தாளால் இறுக மூடி, வெயில் அடிக்கும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். மூடியைப் பிரிக்கும்போது நடுவில் கோடு தெரிகிற நிறத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மெல்லிய முனையைத்தான் பார்க்க வேண்டும். அடர்த்தியான முனை எல்லா நிறத்தையும் நல்லவராகக் காட்டும்.

சட்டம் போடும்போது ஓவியத்தின்மேல் கண்ணாடி படக்கூடாது. அமிலமில்லாத மவுண்ட் அட்டை ஓர் இடைவெளி தரும். கண்ணாடியில் ஈரம் வியர்த்தால் அந்த இடைவெளிதான் பூஞ்சையிலிருந்து காப்பாற்றும். நேர்வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம். அருங்காட்சியகங்கள் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை, காட்டிய பிறகு இருட்டில் ஓய்வும் கொடுக்கின்றன. ட்யூரரின் புல்தரை ஐந்நூறு ஆண்டு கடந்தும் பச்சையாக இருப்பதில் அந்த இருட்டுக்குப் பங்குண்டு.

கடைசியாகக் கண். சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்லிச் சொல்லிக் கையைப் பற்றியே பேசுகிறோம். கை நடுங்கினால் பிரஷைப் பெரிதாக்கலாம், முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே வரையலாம். கண் வில்லை மஞ்சளாகும்போது அப்படி எளிதில் தெரிவதில்லை. கண்புரை மெல்ல மெல்ல நீலத்தை வடிகட்டும். ஓவியர் அதை ஈடுகட்டுகிறோம் என்று அறியாமலே ஈடுகட்டுவார். மோனேயின் கடைசிக்காலத் தோட்டப் படங்கள் சில செம்பழுப்பில் தகிப்பதற்குக் காரணம் இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். அந்த நாட்களில் அவர் ட்யூபின் லேபிளைப் படித்தும், பேலட்டில் நிறங்களை மாறாத வரிசையில் வைத்தும் சமாளித்தார். 1923இல் வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 1926இல் இறக்கும்வரை தன் தோட்டத்து அல்லிக்குளத்தை வரைவதை விடவில்லை. அல்லிகள் மட்டும் ஏறத்தாழ 250 ஓவியங்கள்.

இதிலிருந்து முப்பது வயதுக்காரரும் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பேலட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இடம், அது ஆயுளுக்கும் மாறக்கூடாது. மஞ்சள்கள் இடது ஓரம் என்றால் எப்போதும் இடது ஓரம். கண் பார்ப்பதற்கு முன் கை போய்ச் சேர வேண்டும். தாள் மூன்றாம் நிலையில் இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நீலத்தைத் தேடிக்கொண்டிருந்தால் போயிற்று. மேசை விளக்கு பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின், நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 90க்கு மேல்; மஞ்சள் பல்பின் கீழ் கலந்த பச்சை காலையில் வேறொருவர் கலந்தது போலிருக்கும்.

சரி, தாள். வலது மூலையைப் பாருங்கள். நான் விட்ட ஒரு சொட்டுத் தண்ணீர், பத்து ரூபாய் நாணய அளவுக்கு வெளுத்து, சுற்றிலும் பல் பல்லாகக் கருத்த ஓரம் கட்டியிருக்கிறது. இதுதான் காலிஃபிளவர். இதைத் தேய்த்து அழிக்கப் போனால் தாளின் தோல் உரியும். விட்டுவிட்டால் இந்த மேகத்தில் யாருக்கும் தெரியாது, ஒரு மேகப்பிசிறு என்றே நினைத்துக்கொள்வார்கள்; நமக்கு மட்டும் தெரியும். மற்ற இடமெல்லாம் பார்க்கக் காய்ந்தது போலத்தான் இருக்கிறது. புறங்கையை வைக்கிறேன். சில்லென்றிருக்கிறது.

இதன்மேல் இப்போது மரத்தை வைக்க முடியாது. இது முழுதாகக் காயும்வரை உங்கள் கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.